சமாதானம் பேசப் பழக்குவது எப்படி? வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: நான் ஒன்பதாம் வகுப்பு வகுப்பாசிரியை. 'என்னை முறைச்சுப் பார்த்தான்' என்று ஆரம்பித்துச் சட்டையைக் கிழித்துக்கொள்வது வரை அடிக்கடி சண்டை வருகிறது. மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்குகிறோம், கை குலுக்கச் சொல்கிறோம், பெற்றோரை வரவழைக்கிறோம். சில நாளில் அதே சண்டை பஸ் ஸ்டாண்டில் இன்னும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு நடக்கிறது. இதையெல்லாம் பாடமாகச் சொல்லித்தர முடியுமா?
- ஓர் ஆசிரியை, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: முடியும் டீச்சர், ஆனால் பாடமாக இல்லை, கபடிக்குப் பழக்குவதுபோல் பயிற்சியாக. 'கோபம் வந்தால் நிதானமாக இரு' என்று காலை வழிபாட்டில் எத்தனை முறை சொன்னாலும், எதிரே ஒருவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும்போது அந்தப் பையனுக்கு அது ஞாபகம் வராது. உடம்பும் வாயும் எதற்குப் பழகியிருக்கிறதோ அதுதான் அப்போது வரும்.

இதற்கு நான் எப்போதும் சொல்வது அமெரிக்காவின் நாஷ்வில் நகரக் கதை. ஜேம்ஸ் லாசன் என்ற இளைஞர் 1950களின் நடுவில் நாக்பூர் ஹிஸ்லாப் கல்லூரியில் மூன்று வருடம் வேலை பார்த்தவர், காந்தியின் வழிமுறைகளைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பியவர். 1959இல் நாஷ்வில் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு தேவாலயத்தில் பட்டறை நடத்தினார். கறுப்பின மக்கள் பெரிய கடைகளில் துணி வாங்கலாம், அதே கடையில் உட்கார்ந்து சாப்பிட முடியாது என்று இருந்த காலம் அது. அங்கே போய் உட்காரத் தீர்மானித்த மாணவர்கள் அதற்கு முன்னால் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தார்கள். நாற்காலிகளை வரிசையாகப் போட்டுச் சிலர் உட்காருவார்கள், மற்றவர்கள் வம்புக்கு வருகிறவர்களாக மாறிக் காதில் வாங்க முடியாத வார்த்தைகளால் திட்டுவார்கள், பிடித்துத் தள்ளுவார்கள், முகத்தில் புகையை ஊதுவார்கள். உட்கார்ந்திருப்பவர் திருப்பி அடிக்கக் கூடாது, திட்டக் கூடாது. கீழே விழுந்தால் தலையை எப்படிக் காத்துக்கொள்வது, பக்கத்தில் அடிபடுகிறவருக்குக் குறுக்கே எப்படிப் போய் நிற்பது என்பது வரைக்கும் பழகினார்கள்.

1960 பிப்ரவரியில் உண்மையாகவே போய் உட்கார்ந்தார்கள். பிப்ரவரி 27 அன்று அடி விழுந்தது, 81 பேர் கைதானார்கள், ஒரு வரிசையைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனதும் அடுத்த வரிசை வந்து உட்கார்ந்தது. ஏப்ரல் 19 அன்று அந்த மாணவர்களுக்காக வாதாடிய வக்கீலின் வீட்டில் குண்டு வெடித்தது. அன்றே ஆயிரக்கணக்கானவர்கள் மேயரைப் பார்க்க ஊர்வலமாகப் போனார்கள். அங்கே டயான் நாஷ் என்ற மாணவி மேயரிடம், ஒருவரை நிறத்தை மட்டும் வைத்து ஒதுக்குவது தப்பு என்று நீங்கள் நினைக்கிறீர்களா என்று நேராகக் கேட்டார். மேயர் பென் வெஸ்ட், தப்புதான் என்று எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டார். மே 10 அன்று ஆறு கடைகள் கறுப்பின மக்களும் உட்கார்ந்து சாப்பிட வழிவிட்டன. அந்தப் பெண்ணுக்கு அப்போது 21 வயது. அத்தனை ஆத்திரத்துக்கு நடுவிலும் திட்டாமல், எதிரே இருப்பவர் தன் மனசாட்சியைத் தொட்டுப் பதில் சொல்லும்படி ஒரு கேள்வி கேட்க அவருக்கு வந்தது. தலைமை என்று நான் சொல்வது இதைத்தான்.

சரி, உங்கள் வகுப்புக்கு வருவோம். வாரம் ஒரு பீரியட் போதும். 'முறைச்சுப் பார்த்தான்' காட்சியையே எடுங்கள். இரண்டு பேர் நடிக்கட்டும், குரல் ஏறும் இடத்தில் 'நிறுத்து' என்று சொல்லிவிட்டு, இந்த இடத்தில் இவன் வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று மற்றவர்களிடம் கேளுங்கள். அப்புறம் இரண்டு பேரையும் இடம் மாற்றுங்கள். இவ்வளவு நேரம் கத்திய பையன் இப்போது எதிராளியின் வசனத்தைத் தன் வாயால் சொல்லியாக வேண்டும். அங்கேதான் பல பையன்கள் கொஞ்சம் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தைப் பார்த்துச் சிரித்துவிடாதபடி வகுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக ஒருவர் வேண்டும், விலக்கிவிடுகிறவர். இவர் நாட்டாமை கிடையாது, தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஒருவன் பேசி முடிக்கிறவரை அடுத்தவன் குறுக்கே பேசாமல் பார்த்துக்கொண்டு, கேட்டதைத் திருப்பிச் சொல்லி 'நீ சொல்றது இதுதானா?' என்று கேட்டு, அவன் வாயால் 'ஆமா' வாங்க வேண்டும். பிறகு அடுத்தவனிடமும் அதேபோல. கடைசியில் 'இனிமே என்ன நடக்கணும்?' என்ற கேள்வி, அதற்கு இரண்டு பேரும் சேர்ந்து எழுதும் இரண்டு வரி. 'இனி நண்பர்களாக இருப்போம்' என்று எழுதினால் திருப்பிக் கொடுங்கள். 'ஸ்டேட்டஸில் போட்டதை இன்றைக்கே எடுத்துவிடுவேன்', 'பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட மாட்டேன்' என்று செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். சான்பிரான்சிஸ்கோ பள்ளிகளில் 1980களிலேயே இப்படி மாணவர்களை வைத்தே மாணவர் சண்டைகளைப் பேசித் தீர்க்கப் பழக்கியிருக்கிறார்கள்.

இன்னொன்று, விலக்கிவிட ஆள் எடுக்கும்போது ஃபர்ஸ்ட் ரேங்க் பிள்ளைகளையும் கிளாஸ் லீடரையும் மட்டும் எடுக்காதீர்கள். எந்தப் பையன் சொன்னால் பின்பெஞ்ச் கேட்குமோ, 'கெத்து' என்று மற்றவர்கள் யாரைப் பார்க்கிறார்களோ, அவனைக் கட்டாயம் சேருங்கள். அவன் பொறுப்பெடுத்துக்கொண்டால் பஸ் ஸ்டாண்ட் வரை அவன் சொல் போகும். கை குலுக்கச் சொல்வதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள், மனம் ஆறாமல் குலுக்கிய கை மறுபடி ஓங்கத்தான் செய்யும்.

கேள்வி: என் மகனை வகுப்பில் சிலர் சாதியைச் சொல்லிச் சீண்டுகிறார்கள், அவர்கள் பையைத் தூக்கச் சொல்கிறார்கள். பள்ளியில் சொன்னால், 'பசங்க சண்டைதானே, ரெண்டு பேரையும் உட்கார வெச்சுப் பேசி அனுசரிச்சுப் போகச் சொல்லிடலாம்' என்கிறார்கள். நானும் சம்மதித்துவிடலாமா?
- ஒரு தந்தை, தென்காசி மாவட்டம்

பதில்: சம்மதிக்காதீர்கள் ஐயா. மேலே டீச்சருக்குச் சொன்னதெல்லாம் சமமாக நிற்கும் இரண்டு பேருக்கு. உங்கள் மகனுக்கு நடப்பது சண்டையே இல்லை, ஒரு பக்கம் மட்டும் அமுக்குகிறது. இதில் பாதிக்கு இவன் இறங்கி வர வேண்டும், பாதிக்கு அவர்கள் இறங்கி வர வேண்டும் என்று பேச என்ன இருக்கிறது? சீண்டலையும் மிரட்டலையும் சமரசப் பேச்சில் வைக்கக் கூடாது என்று அமெரிக்க அரசின் வழிகாட்டுதல்கூடத் தெளிவாகச் சொல்கிறது, ஏனென்றால் அடிபட்டவனுக்கும் அதில் பங்கு இருக்கிறது என்ற செய்திதான் அதிலிருந்து போகும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்தது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. சீண்டல் தாங்காமல் பள்ளிக்குப் போகாமல் இருந்த பையன், விஷயத்தைச் சொன்னதற்காக இரவில் வீடு தேடி வந்து வெட்டப்பட்டான், தடுக்கப் போன தங்கையும் வெட்டுப்பட்டாள். வெட்டியவர்களும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தான். புகார் சொன்ன பிள்ளைக்கு அன்று சாயங்காலமே பாதுகாப்பு வேண்டும் என்பதைப் பள்ளிகள் அந்த இரவிலிருந்தாவது கற்றிருக்க வேண்டும். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் சாதிக் கயிறுக்குத் தடை, பள்ளிப் பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் சாதியை நீக்குவது என்று பல பரிந்துரைகள் அதில் இருக்கின்றன.

நீங்கள் செய்ய வேண்டியது, தேதி, சொன்ன வார்த்தை, பக்கத்தில் யார் இருந்தார்கள் எல்லாவற்றையும் எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணிலும் குழந்தைகள் உதவிக்கான 1098இலும் சொல்லலாம். நீங்கள் பட்டியல் சாதியோ பழங்குடியோ என்றால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது. சீண்டும் பையன்களுடன் பேச வேண்டாமா என்றால், பேசத்தான் வேண்டும், அவர்கள் வீட்டோடும் சேர்த்து. ஆனால் அது பள்ளியின் வேலை. உங்கள் மகனை எதிரே உட்கார வைத்து அதைச் செய்யக் கூடாது.

கேள்வி: எங்கள் காலத்தில் வாத்தியார் பிரம்பை எடுத்தால் வகுப்பே அடங்கிவிடும். இந்தப் பயிற்சியெல்லாம் எதற்கு?
- பணி ஓய்வு பெற்ற வாசகர், திருச்சி

பதில்: அடங்கியது உண்மைதான் ஐயா. பலம் உள்ளவன் அடித்தால் காரியம் நடக்கும் என்பதையும் அந்தப் பிரம்புதான் சொல்லிக்கொடுத்தது. இப்போது கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 17ஆவது பிரிவு அதைத் தடை செய்துவிட்டது, மிக நல்ல காரியம்.

கேள்வி: அக்கா, 'அமைதித் தலைமை' என்று ஆன்லைனில் சர்டிபிகேட் கோர்ஸ் நிறைய வருகிறது. சேரலாமா?
- கல்லூரி மாணவி, மதுரை

பதில்: கட்டணம் இல்லாததாக இருந்தால் சேர்ந்து பாரும்மா, விஷயம் தெரிந்துகொள்ள உதவும். இந்தப் படிப்புகளில் அடிக்கடி காதில் விழும் 2250 என்பது ஐ.நா. பாதுகாப்பு அவையின் தீர்மானம். இளைஞர்களைப் பிரச்சினையாக மட்டும் பார்க்காமல், அமைதி பேசும் மேசையில் அவர்களுக்கும் இடம் கொடுங்கள் என்று நாடுகளிடம் கேட்டது, 2015 டிசம்பரில் நிறைவேறியது. ஆனால் சர்டிபிகேட் வாங்கினால் நாலு பேர் நடுவே நின்று பேசும் தைரியம் வந்துவிடாது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தில் காந்தியவாதி ஜி. ராமச்சந்திரன் மாணவர்களை வைத்தே சாந்தி சேனை, அதாவது அமைதிப் படை, நடத்தியவர், அதைப் பற்றித் தேடிப் படி. விடுதியில் பாத்ரூம் தண்ணீருக்கும் மெஸ் சாப்பாட்டுக்கும் தகராறு வரும்போது இரண்டு பக்கத்தையும் கேட்டு எழுதி வார்டனிடம் கொண்டுபோ. அதைவிட நல்ல கோர்ஸ் எனக்குத் தெரியாது.

கேள்வி: பன்னிரண்டு வயதிலும் ஒன்பது வயதிலும் இரண்டு பையன்கள். போனுக்காக நாள் முழுக்க அடிதடி. யார் மேல் தப்பு என்று தீர்ப்புச் சொல்லியே ஓய்ந்துவிட்டேன்.
- ஒரு தாய், ஈரோடு

பதில்: தீர்ப்புச் சொல்வதை நிறுத்திவிடுங்கள் அம்மா, பாதி சண்டை உங்கள் தீர்ப்புக்காகத்தான் நடக்கிறது. அடி விழுந்தால் மட்டும் உடனே நடுவில் போங்கள், அதில் யோசனையே வேண்டாம். மற்ற நேரத்தில் போனை வாங்கி அலமாரி மேல் வைத்துவிட்டு, 'ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவோட வாங்க, அதுவரைக்கும் போன் இங்கேதான் இருக்கும்' என்று சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். முதலில் சில நாள் முடிவே வராது, பெரியவன் சின்னவனை மிரட்டிச் சம்மதம் வாங்கிக்கொண்டும் வருவான். அதனால் முடிவைச் சின்னவன் வாயால் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அவன் அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னால், இன்னும் பேசிவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுங்கள்.