சும்மா ஓடும் ஸ்கேன் இயந்திரம்: கேள்வி பதில்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்து மருத்துவமனைகளில் ஸ்கேன், எக்ஸ்ரே இயந்திரங்களைப் பராமரிப்பது என் வேலை. ஸ்கேன் பிரிவில் மின்சாரம், மருந்து, பிலிம் வீணாவதைக் குறைப்பது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

கேள்வி (தக்கலை, ஸ்கேன் சென்டர் நடத்துபவர்): அண்ணா, கரண்ட் பில் தாங்க முடியவில்லை. புது மாடல் சி.டி. ஸ்கேன் இயந்திரம் வாங்கினால் குறையுமா?

பதில்: வாங்குவதற்கு முன்னால், இப்போது இருக்கிற இயந்திரம் ராத்திரி முழுக்க என்ன செய்கிறது என்று பாருங்கள் தம்பி. சுவிட்சர்லாந்தில் பாசல் பல்கலைக்கழக மருத்துவமனையின் சி.டி., எம்.ஆர்.ஐ. இயந்திரங்கள் எவ்வளவு மின்சாரம் எடுக்கின்றன என்று ஒரு வருடத்துக்கு அளந்து, 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். சி.டி.க்குப் போன மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, மேசையில் யாருமே இல்லாமல் இயந்திரம் காத்துக்கிடந்த நேரத்தில் செலவானது. படம் எடுக்கும் சில விநாடிகளில் சி.டி. 50, 100 கிலோவாட் வரை இழுக்கும். எல்லோரும் அதைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். பில்லை ஏற்றுவது அந்த விநாடிகள் அல்ல, சும்மா கிடக்கும் மணிநேரங்கள்.

உங்களிடம் ராத்திரி எமர்ஜென்சி இல்லை என்றால், கடைசி நோயாளி போனதும் முறைப்படி ஷட்டவுன் செய்யலாம். காலையில் எக்ஸ்ரே டியூபைச் சூடேற்றவும் (வார்ம்-அப்), அளவீட்டைச் சரிபார்க்கவும் (காலிப்ரேஷன்) நேரம் வேண்டும், ஆகவே டெக்னீஷியன் கொஞ்சம் முன்னால் வரவேண்டியிருக்கும். விபத்து கேஸ் வரும் மருத்துவமனையில் சி.டி.யை அணைக்கச் சொல்ல மாட்டேன். இரண்டு இருந்தால் ஒன்றை அணையுங்கள். முதலில் சி.டி. லைனில் தனியாக ஒரு மீட்டர் மாட்டுங்கள். ராத்திரிக் கணக்கு கண்ணில் பட்டால், யாரும் சொல்லாமலே கை சுவிட்சுக்குப் போகும்.

கேள்வி (குளச்சல், மருத்துவமனை நிர்வாகி): அப்படியானால் ராத்திரி ஏ.சி.யையும் சேர்த்து அணைத்துவிடலாமா?

பதில்: நம் ஊரில் வேண்டாம். இங்கே இரண்டு பருவமழையும் பெய்கிறது, போதாததற்குக் கடல் காற்று. அறையில் ஈரம் ஏறினால் கேன்ட்ரிக்குள் (நோயாளி நுழையும் வளையப் பகுதி) இருக்கும் போர்டுகள் கெடும். மிச்சம் பிடித்த பணம் ஒரே ரிப்பேரில் போய்விடும். ஒரு ஈரப்பத மானி வாங்கி மாட்டுங்கள். தயாரிப்பாளரின் கையேட்டில் கொடுத்திருக்கும் வெப்பநிலை, ஈரப்பத எல்லைக்குள் இருந்தால் போதும். பல இடங்களில் காரணமே இல்லாமல் 16-இல் வைத்திருக்கிறார்கள், நோயாளி நடுங்கிக்கொண்டு படுத்திருக்கிறார். 22-இலேயே பெரும்பாலான சி.டி. நன்றாக ஓடும். அப்புறம், கடற்கரையை ஒட்டிய ஊர்களில் வெளியே இருக்கும் கண்டென்சரில் உப்பு படியும். அடைத்துக்கொண்ட கண்டென்சரோடு கம்ப்ரசர் ஓடினால் கூடுதல் கரண்ட் இழுக்கும். நல்ல தண்ணீரில் அடிக்கடி கழுவச் சொல்லுங்கள்.

கேள்வி (நாகர்கோவில், ரேடியோகிராபி மாணவி): சார், எம்.ஆர்.ஐ.யை ஏன் அணைக்கவே கூடாது என்கிறார்கள்? ஹீலியம் தீர்ந்துபோகும் என்பது உண்மையா?

பதில்: எம்.ஆர்.ஐ.யின் காந்தம் மீகடத்திக் கம்பிச்சுருள், அதாவது கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் மின்சாரம் ஓடும் கம்பி. அதை மைனஸ் 269 டிகிரியில் வைத்திருப்பது திரவ ஹீலியம். பழைய வகை இயந்திரங்களில் 1500 லிட்டருக்கும் மேல் இருக்கும். ஆவியாகும் ஹீலியத்தைத் திரும்பக் குளிரவைக்கும் கம்ப்ரசரும் (கோல்டு ஹெட் கம்ப்ரசர்), அதைக் குளிர்விக்கும் சில்லரும் 24 மணி நேரமும் ஓடியாக வேண்டும். ஆகவே காந்தத்தை அணைக்க முடியாது. ஆனால் ஸ்கேன் நேரத்தில் மட்டும் தேவைப்படும் மற்ற மின்னணுப் பகுதிகளை ராத்திரி உறக்க நிலைக்கு அனுப்பலாம். அந்த வசதி பல இயந்திரங்களில் இருக்கிறது, யாரும் தொடுவதில்லை. உங்கள் துறையில் கேட்டுப் பாருங்கள்.

காந்தம் குளிர் இழந்தால் 'குவென்ச்' ஆகும். ஒரு லிட்டர் திரவ ஹீலியம் ஏறக்குறைய 750 லிட்டர் வாயுவாக விரிந்து, குழாய் வழியாக வானத்துக்குப் போய்விடும். திரும்பப் பிடிக்க வழியில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது நம் மாவட்டத்தில் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தது நினைவிருக்கும். ஜெனரேட்டரும் டீசல் இருப்பும் எந்த எந்த லைனுக்கு என்று திட்டமிடும்போது, சில்லரையும் கோல்டு ஹெட் கம்ப்ரசரையும் கட்டாயம் சேர்க்கவேண்டும். 'ராத்திரி ஸ்கேன் எடுக்கப் போவதில்லையே' என்று அந்த லைனை விட்டுவிடக் கூடாது. புதிய வகைகளில் சில லிட்டர் ஹீலியத்தை உள்ளேயே அடைத்துவைத்த காந்தங்கள் வந்திருக்கின்றன. இயந்திரம் மாற்றும் காலம் வந்தால், விலையோடு சேர்த்து இதையும் கேட்டுப் பார்க்கவேண்டும்.

இன்னொன்றும் உனக்குப் பிடிக்கும். 1908-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஓன்னஸ் ஹீலியத்தை முதன்முதலில் திரவமாக்கினார். அந்த ஹீலியத்தை அவர் மோனசைட் மணலிலிருந்து பிரித்தெடுத்திருந்தார். நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் அந்தக் கனிமம் இருக்கிறது. இன்று ஸ்கேனுக்கு வரும் ஹீலியம் இயற்கை எரிவாயுக் கிணறுகளிலிருந்து வருவது. இந்தியா இறக்குமதிதான் செய்கிறது.

கேள்வி (ஆரல்வாய்மொழி): சுற்றிலும் காற்றாலைதானே அண்ணாச்சி. நம் மின்சாரம் ஏற்கெனவே சுத்தமானதுதானே?

பதில்: ஆனி, ஆடி மாதக் காற்றில் நிறையக் கிடைக்கும். காற்று ஓய்ந்த மாதங்களில் நிலக்கரி அதிகம் எரிகிறது. எல்லா மின்சாரமும் கலந்து வரும் கிரிட் ஒன்றுதான், மிச்சப்படுத்துவது எப்போதும் நல்லது.

கேள்வி (குழித்துறை, இல்லத்தரசி): தம்பி, ஸ்கேனுக்கு முன்னால் ஊசியில் போடும் மருந்து ஆற்றில் கலக்கும் என்று மகள் சொல்கிறாள். நாங்கள் கிணற்றுத் தண்ணீர் குடிக்கிறவர்கள்.

பதில்: மகள் சொல்வது சரிதான் அக்கா. அந்த மருந்து உடம்பில் மாறுவதில்லை, சிறுநீரில் அப்படியே வெளியேறுகிறது. எம்.ஆர்.ஐ.க்குப் போடும் மருந்தில் இருக்கும் கடோலினியம் என்ற உலோகம் ஜெர்மனி ஆறுகளில் கலந்திருப்பதை 1996-லேயே கண்டுபிடித்தார்கள். சாதாரணக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் அது முழுதாக நீங்காது. அங்கே கண்ட அளவு மிகச் சிறியது, அதனால் கிணற்றை நினைத்து நீங்கள் பயப்படவேண்டாம். ஆனால் குறைக்கும் பொறுப்பு எங்களுக்கு இருக்கிறது. எடைக்கு ஏற்ற அளவு மட்டும் போடவேண்டும். பாட்டிலில் மிச்சமிருப்பதை வாஷ்பேசினில் ஊற்றுவதை உடனே நிறுத்தவேண்டும். ஊற்றுகிறவர்களிடம் நான் நேரிலேயே சண்டை போடுவேன். மிச்சத்தைத் தனிக் கலத்தில் சேர்த்து மருத்துவக் கழிவு எடுக்கும் நிறுவனத்திடம் கொடுக்கலாம். ஒருவருக்கான பாட்டிலை அடுத்தவருக்குப் பயன்படுத்தி மிச்சம் பிடிப்பது மட்டும் கூடவே கூடாது, தொற்று வரும்.

கேள்வி (மார்த்தாண்டம், மருத்துவர்): எங்கள் நோயாளிகள் மேல்சிகிச்சைக்குத் திருவனந்தபுரம் போனால் அங்கே மறுபடி ஸ்கேன் எடுக்கிறார்கள். இதையும் உங்கள் கணக்கில் சேர்ப்பீர்களா?

பதில்: முதலில் சேர்ப்பேன் டாக்டர். மின்சாரம், மருந்து, கதிர்வீச்சு, குடும்பத்தின் பணம், நாள் முழுக்கப் பட்டினியோடு வரிசையில் காத்திருப்பது எல்லாம் இரட்டிப்பாகிறது. நோய் முற்றியிருந்தால் மறுபடி எடுப்பது நியாயம். ஆனால் பல நேரம் காரணம் வேறு. இங்கிருந்து போவது மடிந்த பிலிமும் ஒரு பக்க ரிப்போர்ட்டும் மட்டும். நூற்றுக்கணக்கான படங்களில் தேர்ந்தெடுத்த சிலதான் பிலிமில் இருக்கும், அதை வைத்து அறுவைச் சிகிச்சை நிபுணர் எப்படி முடிவெடுப்பார்? முழு டைகாம் படங்களை (ஸ்கேன் இயந்திரம் சேமிக்கும் கணினிக் கோப்புகள்) குறுந்தகட்டிலோ இணைய இணைப்பிலோ கொடுத்தனுப்பினால் அங்கே திறந்து பார்க்கலாம். ரெஃபரல் கடிதத்தில் எந்தத் தேதியில், மருந்து செலுத்தியா செலுத்தாமலா எடுத்தது என்று ஒரு வரி எழுதுங்கள். ஆபத்து அறிகுறி எதுவும் இல்லாத சாதாரண முதுகுவலிக்கு வந்த உடனே எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. எழுதாமல் இருப்பதும், அல்ட்ராசவுண்டில் தெரியக்கூடியதற்கு அதையே முதலில் எழுதுவதும் உங்கள் கையில் இருக்கிறது. எடுக்காத ஸ்கேனைவிட மிச்சம் தரும் இயந்திரத்தை யாரும் தயாரிக்க முடியாது.

கேள்வி (திங்கள்நகர்): வீட்டில் பழைய எக்ஸ்ரே பிலிம் ஒரு கட்டு கிடக்கிறது. எரிக்கலாமா?

பதில்: எரிக்காதீர்கள், அது பிளாஸ்டிக். மேலே வெள்ளிப் பூச்சும் இருக்கிறது, அதைப் பிரித்தெடுக்க அனுமதி பெற்றவர்கள் இருக்கிறார்கள். எடுத்த மருத்துவமனையிலேயே திருப்பி வாங்குவார்களா என்று கேளுங்கள், பெயரை வெட்டிவிட்டுக் கொடுங்கள். கிரகணம் பார்க்க ஒன்றை எடுத்துவைப்பதும் வேண்டாம். 2010 ஜனவரியில் இங்கே வளைய கிரகணம் தெரிந்தபோது பிலிமோடு வாசலில் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். கண்ணைக் கெடுக்கும்.

கேள்வி (தக்கலை, முதல் கேள்வி கேட்டவர்): இன்னொன்று அண்ணா. பழைய எக்ஸ்ரே இயந்திரமும், கதிர்வீச்சைத் தடுக்க அணியும் ஈய ஏப்ரன் கிழிந்ததும் ஆக்கர் கடைக்குப் போடலாமா?

பதில்: இரண்டும் கூடாது. இயந்திரத்தை நீக்கும் முன் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு அவர்களின் இ-லோரா தளம் வழியாகத் தெரிவித்து அனுமதி வாங்கவேண்டும், டியூபை யாரும் மறுபடி இயக்க முடியாதபடி செய்யவேண்டும். அதன்பிறகுதான் அங்கீகாரம் பெற்ற மின்கழிவு நிறுவனத்துக்குக் கொடுக்கலாம். ஏப்ரனில் இருப்பது ஈயம். விற்ற நிறுவனம் திரும்ப எடுக்குமா என்று கேளுங்கள். அதுவரை மடிக்காமல் தொங்கவிட்டு, 'பயன்படுத்தாதே' என்று எழுதி ஒட்டி வையுங்கள்.