தோட்டா சிலிண்டரில் இறங்கவில்லையா? உப்புத்தாளைக் கீழே வையுங்கள்

கேள்வி: ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறேன். லைசென்ஸ் பெற்ற .32 ரிவால்வர் உண்டு, கான்பூர் தயாரிப்பு. கடைத் தோட்டா விலை கட்டுப்படியாகவில்லை என்று, சேலத்தில் தெரிந்த ஒருவர் மூலம் ரீலோட் செய்த (சுட்ட காலிக் கூட்டில் மறுபடி வெடிமருந்தும் குண்டும் நிரப்பிய) தோட்டா வாங்கினேன். சில தோட்டா முக்கால்வாசி இறங்கி நின்றுவிடுகிறது. சில முழுதாக இறங்கினாலும் சிலிண்டர் சுற்றவில்லை. உப்புத்தாள் போட்டு லேசாகத் தேய்த்தால் சரியாகுமா? கோளாறு துப்பாக்கியிலா, தோட்டாவிலா?

பதில்: தேய்க்காதீர்கள். கட்டைவிரலால் அழுத்தித் திணிக்கவும் வேண்டாம். ரிவால்வரை வலுவாகத் தட்டி மூடுவது இன்னும் மோசம். பித்தளைக் கூட்டைத் தேய்த்தால் சுவர் மெலியும். சுடும்போது அந்த இடத்தில்தான் பிளக்கும்.

கோளாறு எதில் என்று கண்டுபிடிப்பது சுலபம். ரிவால்வரைக் காலி செய்து, சிலிண்டரில் தோட்டா உட்காரும் ஆறு அறைகளையும் துடைத்துவிட்டு, பில்லோடு கடையில் வாங்கிய தோட்டாவை ஒவ்வொரு அறையிலும் போட்டுப் பாருங்கள். குழல் வாய் ஆளில்லாத பக்கம், தரையை நோக்கி இருக்கட்டும். விசையின் பக்கம் விரல் போகக் கூடாது. தன் எடையிலேயே விளிம்பு வரை இறங்கி உட்கார்ந்தால் உங்கள் துப்பாக்கியில் குறை இல்லை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அப்படித்தான் உட்காரும் என்று நினைக்கிறேன்.

ரீலோட் தோட்டாவில் என்ன தப்பு என்பதைக் கண்ணைவிட விரல் நன்றாகச் சொல்லும். ஒருமுறை சுட்ட கூடு, சுட்ட துப்பாக்கியின் அறை அளவுக்கு உப்பியிருக்கும். அதை அச்சில் கொடுத்துப் பழைய அளவுக்கு நெருக்கிய பிறகுதான் மறுபடி நிரப்ப வேண்டும். யாரோ ஒருவருடைய துப்பாக்கியில் உப்பிய கூடு உங்கள் அறையில் முக்கால்வாசியில் நிற்பது அதனால்தான். அடுத்தது, வாய்ப்பக்கம். குண்டை உட்காரவைக்க வாயைச் சற்று விரிப்பார்கள், பிறகு அதை மடக்க வேண்டும். மடக்காமல் விட்டால் வாய் ஓரம் இடிக்கும். அளவுக்கு மீறி மடக்கினால் அதற்குக் கீழே கூடு பிதுங்கும். நகத்தை மேலிருந்து கீழே இழுத்தால் அந்த மேடு தட்டும்.

சிலிண்டர் சுற்றாததற்குக் காரணம் பெரும்பாலும் அடிப்பக்கத்தில் இருக்கும். கேப், அதாவது அடிபட்டதும் தீப்பொறி தருகிற சிறு மூடி, கூட்டின் அடிமட்டத்தோடு சமமாகவோ, மயிரிழை உள்ளேயோ இருக்க வேண்டும். விரல் நுனியால் தடவினால் புடைப்பாகத் தெரிகிறதா? அது பின்பக்க இரும்பில் உரசுகிறது. வெடிமருந்து நிரப்பிய தோட்டாவின் கேப் உரசுவது விளையாட்டல்ல. அதை ஓரமாக எடுத்து வையுங்கள்.

வெளியே தெரிகிற வேலையே இந்த லட்சணம் என்றால், உள்ளே மருந்தை எப்படி அளந்திருப்பான்? இரண்டு பங்கு விழுந்திருந்தால் சிலிண்டரே வெடிக்கலாம். மருந்தே விழாமல் போயிருந்தால் கேப்பின் பலத்தில் குண்டு நகர்ந்து குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் போய்விடும். இந்த இரண்டையும் வெளியே இருந்து கண்டுபிடிக்க வழியில்லை. ஆகவே நன்றாக இறங்குகிற ரீலோட் தோட்டாவும் எனக்கு நல்ல தோட்டா இல்லை.

இந்தப் புரோக்கர்களைப் பற்றி எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. காலிக் கூடுகளைப் பொறுக்குவது, எங்கோ ஒரு பட்டறையில் நிரப்புவது, ‘கம்பெனி சரக்கு சார்’ என்று பொட்டலத்தில் தருவது. பில் கேட்டால் சிரிப்பு. சில பேர் .32 பிஸ்டல் தோட்டாவையே ரிவால்வர் தோட்டா என்று தள்ளிவிடுகிறார்கள். ரிவால்வர் கூடு 23 மி.மீ. நீளம், பிஸ்டல் கூடு 17 மி.மீ. குட்டையானது தாராளமாக இறங்கும் என்பதால் வாங்கியவரும் சந்தேகப்படுவதில்லை.

சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது ஆயுதச் சட்டம் 1959-இன் 5-ஆம் பிரிவை மீறுவது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தபட்சமே 7 ஆண்டு சிறை. விற்பவருக்கு லைசென்ஸ் இல்லை என்று தெரிந்தே வாங்குவது 29-ஆம் பிரிவில் தனிக் குற்றம். மாட்டினால் புரோக்கர் போனை அணைத்துவிடுவார், உங்கள் லைசென்ஸ்தான் மேஜைக்கு வரும்.

ஒரே ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கடைத் தோட்டாவும் உங்களுக்கு இறங்காமல் போகலாம். .32-இல் பழைய குட்டை ரிவால்வர் தோட்டா ஒன்று உண்டு. கூடு 15 மி.மீ. சொச்சம். இதை நீள அறையில் சுடுவதில் ஆபத்தில்லை. பிஸ்டல் தோட்டா வேறு, இது வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள். ஆனால் குட்டைக் கூடு முடிகிற இடத்துக்கு முன்னால் ஈயமும் கரியும் வளையமாகப் படியும், சேலத்து உப்புத் தண்ணீர்க் குழாய் உள்ளே அடைத்துக்கொள்கிற மாதிரி. பிறகு நீளத் தோட்டா போட்டால் அந்த வளையத்தில் முட்டி நிற்கும். தோட்டா புதுசு, பில் இருக்கிறது, ஆனாலும் இறங்காது. அறைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பாதி ஆழத்தில் மங்கலான வளையம் தெரிந்தால், துப்பாக்கி சுத்தம் செய்யும் திரவத்தில் நனைத்த பித்தளைப் பிரஷ்ஷை அறை அறையாக விட்டுத் திருகுங்கள். கத்தி முனை, ஸ்க்ரூடிரைவர் எதுவும் உள்ளே போகக் கூடாது. ஒரு நாளில் போகாவிட்டால் திரவத்தில் ஊறவிட்டு மறுநாள் செய்யுங்கள்.

ஏற்காட்டு ஈரத்துக்கு இன்னொன்று. தோட்டாவைத் தோல் பெல்ட்டிலேயே செருகி வைத்திருக்கிறீர்களா? தோலும் ஈரமும் சேர்ந்தால் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும். அந்தத் தடிப்பே இறங்க விடாது. தோட்டாவைப் பெட்டியில், காய்ந்த இடத்தில் வையுங்கள்.

நேர்வழியில் போகிறவருக்கு இந்த அமைப்பு ஒன்றும் உதவுவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பெட்டி தோட்டா வாங்கப் பாதி நாள் போகும். தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள், திரும்பி வரும்போது துருவோடு வரும். சந்தேகமான தோட்டாவைக் காட்டி ‘இது சரியா’ என்று கேட்க ஒரு மேஜை கிடையாது. புரோக்கர் பிழைப்பது இந்த இடைவெளியில்தான்.

இப்போது செய்ய வேண்டியது: மிச்சமுள்ள ரீலோட் தோட்டாக்களைத் தனியே பூட்டி வையுங்கள். கிணற்றில் போடாதீர்கள், அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், பிரித்துப் பார்க்காதீர்கள். ஒரு வக்கீலிடம் பேசி, எழுத்து மூலம் ஒப்படைக்க ஏற்பாடு செய்யுங்கள். அதில் எதையாவது ஏற்கெனவே சுட்டு, சத்தம் ‘புஸ்’ என்று வந்திருந்தால், ரிவால்வரைக் காலி செய்து, திறந்து வைத்தபடி குழலின் பின்வாயில் டார்ச் காட்டுங்கள். முன்வாயில் வெளிச்சம் வராவிட்டால் குண்டு உள்ளே நிற்கிறது. கம்பி விட்டுக் குத்தாமல், பழுது பார்க்க லைசென்ஸ் உள்ள கடைக்குக் கொண்டுபோங்கள்.