போவின் விதி என்றால் என்ன? மத நையாண்டியை இணையத்தில் பலர் உண்மையென்று நம்புவது ஏன்?

தீவிர மத நம்பிக்கையைக் கேலி செய்யும் எழுத்தையும் அந்த நம்பிக்கையாளரே எழுதியதையும் பிரித்தறிய முடியாமல் போவதையே போவின் விதி என்கிறார்கள். 2005இல், கடவுள் உலகைப் படைத்த விதம் பற்றிய இணைய விவாதமொன்றில் நேதன் போ என்பவர் சொன்னது இது: கண்சிமிட்டும் குறி போல ஓர் அடையாளம் இல்லாவிட்டால், அந்தக் கேலியை யாராவது மெய்யென்றே எடுத்துக்கொள்வார்.

காரணம், எழுத்து மட்டும்தான் பயணிக்கிறது. குரலும் முகமும் பின்தங்கிவிடுகின்றன.

கோட்டைக்குள் மான்கள் திரியும் திருகோணமலையில் தேத்தண்ணிக் கடையொன்றில் ஒருவர், "கோட்டை மானெல்லாம் வெள்ளிக்கிழமை விரதமாம்" என்கிறார் என்று வையுங்கள். உதட்டோரச் சிரிப்பைப் பார்த்ததும் கடையே சிரிக்கும். அதே வரி மான் படத்தோடு நாலு வாட்ஸ்அப் குழு தாண்டட்டும். ஒரு பெரியம்மா கைகூப்புவா; இன்னொருவர் "எங்கட சமயத்தை இழிவுபடுத்துறாங்கள்" என்று கொதிப்பார். முதலில் சொன்னவர் யாரென்று அப்போது எவருக்கும் தெரியாது. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், பௌத்தர் எல்லோரும் பக்கத்துப் பக்கத்தில் வாழும் ஊரில் இது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. அனுப்பும்போது "இது பகிடி" என்று ஒரு சொல் சேர்த்தாலே பாதிச் சண்டை குறையும்.

"பக்தர்கள் எதையும் நம்பிவிடுவார்கள்" என்பதே இந்த விதி எனப் பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, அரசியல் கேலியை வாசிக்கும் நாத்திகரும் இதேபோல ஏமாறுவார்.