மேய்ச்சல் நிலத்தில் ஓர் இசை விழா

கேள்வி: இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசை விழாவில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் விற்பதில்லையாமே! குப்பை ஒழிய அது போதுமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: போதாது. 2019-இல் அந்த விற்பனையை நிறுத்தியது பாராட்டத்தக்கதே; ஆனால் அதைவிடப் பெரிய தலைவலி, சேறு படிந்ததும் சுமக்க மனமின்றி ரசிகர்கள் போட்டுவிட்டுப் போகும் மலிவு விலைக் கூடாரங்கள். (அவ்வளவு பணம் கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கியவர்களுக்கு, கூடாரத்தைச் சுருட்ட மட்டும் கை வருவதில்லை.) விழா நடக்கும் வொர்த்தி ஃபார்ம் ஒரு பால் பண்ணை என்பதால், புல்லுக்குள் மறைந்திருக்கும் கூடார முளை ஒன்றுகூட மேயும் பசுவின் உயிருக்கு உலை வைத்துவிடும், ஆகவே தொண்டர்கள் குப்பை பொறுக்குவதோடு, நிலத்தின்மீது காந்தத்தை இழுத்துச் சென்று இரும்புத் துண்டுகளையும் சேகரிக்கிறார்கள். நிலம் தேறுவதற்காகச் சில ஆண்டுகளில் விழாவையே நடத்துவதில்லை. 2018 அத்தகைய ஓர் ஆண்டு.