டோர் வழியாக டொரன்ட்: ஐபி ஏன் கசிகிறது?

பலரோடு நேரடியாகக் கோப்பு பகிரும் டொரன்ட் செயலியில், அடையாளத்தை மறைக்கும் டோர் வலையமைப்பைப் பிராக்ஸியாக (இடைவழியாக) போட்ட பிறகும் உங்கள் உண்மையான ஐபி (இணைய முகவரி) மற்றவர்களுக்குத் தெரிகிறது என்கிறீர்கள். உங்கள் அமைப்பில் தவறு இருக்க வேண்டும் என்றில்லை. இணையத்தில் தரவு போகும் முறைகளில் டிசிபி, யுடிபி என்று இரண்டு உண்டு. டோர் டிசிபி இணைப்புகளை மட்டும்தான் சுமக்கும். கோப்பு யாரிடம் இருக்கிறது என்று செயலிகள் தங்களுக்குள்ளேயே தேடிக்கொள்ளும் டிஹெச்டி முறை ஓடுவதோ யுடிபியில். பல செயலிகள் அதைப் பிராக்ஸிக்கு வெளியே நேராக அனுப்பிவிடும். சில செயலிகள், கோப்பைப் பகிர்பவர்களின் பட்டியலைத் தரும் டிராக்கர் சர்வருக்குப் போகும் செய்திக்குள்ளேயே உங்கள் ஐபியை எழுதிவிடும். உறையில் பெயரை மறைத்து, கடிதத்துக்குள் முகவரி எழுதிய மாதிரி! டோர் திட்டக்குழுவே 2010-இல் இதை விளக்கி, டொரன்டுக்கு டோர் வேண்டாம் என்றது.

டோரைப் போலவே அடையாளத்தை மறைக்கும் இன்னொரு வலையமைப்பான ஐடூபிக்கு (I2P) மாறுங்கள். அதனுடன் வரும் ஐடூபிஸ்னார்க் என்ற டொரன்ட் செயலியே போதும். நீங்கள் ஐடூபியில் இருப்பது வெளியே தெரியலாம், ஆனால் எதை இறக்குகிறீர்கள் என்பதை உங்கள் ஐபியோடு இணைப்பது மிகக் கடினம். வேகம் குறையும். அப்புறம், அதே கோப்பைச் சாதாரண டொரன்டிலும் பகிராதீர்கள்.