புக் போட 75 ஆயிரம் கேக்குறாங்க, கட்டலாமா?

தேனி பக்கத்துல இருந்து ஒரு ரிட்டையர்டு ஆசிரியர் கேட்டிருக்கார். கிராமத்து ஸ்கூல்ல வேலை பாத்த அனுபவத்தை எல்லாம் கட்டுரையா எழுதி வச்சிருக்கார், புக்கா போட்டா 160 பக்கம் கிட்ட வருமாம். ஒரு கம்பெனிக்காரங்க போன் பண்ணி, 75 ஆயிரம் கட்டுங்க, 500 காப்பி, ஐஎஸ்பிஎன் (புக்குக்கு குடுக்குற அடையாள நம்பர்), காப்பிரைட், அமேசான்ல ஃப்ளிப்கார்ட்ல விற்பனை, 100 சதவீதம் ராயல்டி (விற்பனையில எழுத்தாளருக்கு வர்ற பங்கு), லைப்ரரி ஆர்டருக்கும் பாக்குறோம்னு சொல்லியிருக்காங்க. அவர் மகளோ "அமேசான்ல ஃப்ரீயாவே போடலாம்பா, எதுக்கு காசு"ங்குறாங்களாம். ரெண்டுல எது சரின்னு அவருக்கு குழப்பம்.

சார், முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், இப்போதைக்கு பணம் கட்டாதீங்க. அந்த கம்பெனி ஏமாத்துதுன்னு நான் சொல்ல வரல, அவங்க அச்சடிச்சு குடுத்துடுவாங்க, அதுல சந்தேகம் இல்ல. ஆனா புக் அச்சடிக்கறது இன்னிக்கு ரொம்ப சுலபமான வேலை, கஷ்டமெல்லாம் அதுக்கு முன்னாடி இருக்குற எடிட்டிங்லயும் பின்னாடி இருக்குற விற்பனையிலயும்தான். அவங்க பேக்கேஜ்ல அந்த ரெண்டைப் பத்தியும் உருப்படியா ஒரு வரி கூட இல்லயே, கவனிச்சீங்களா?

ஐஎஸ்பிஎன் எடுத்துக்கோங்க. இந்தியாவுல அது இலவசம். மத்திய கல்வி அமைச்சகத்துக்கு கீழ ராஜா ராம்மோகன் ராய் பேர்ல டெல்லியில ஒரு ஏஜென்சி இருக்கு, அவங்கதான் குடுக்குறாங்க, ஆன்லைன்லயே அப்ளை பண்ணலாம், பதிப்பகமா இருக்கணும்னு இல்ல, தனி எழுத்தாளரும் வாங்கலாம். இப்ப வர்ற நம்பர் 978-93ன்னு ஆரம்பிக்கும். கைக்கு வர கொஞ்சம் நாள் ஆகும், அதனால லே-அவுட் முடியறதுக்கு முன்னாடியே அப்ளை பண்ணிடுங்க. அது வெறும் அடையாள நம்பர்தான், புக் நல்லா இருக்குன்னு யாரும் குடுக்குற சர்டிபிகேட் இல்ல. இன்னொன்னு, கம்பெனி மூலமா வாங்குனா பதிப்பாளர்னு அவங்க பேர்தான் பதிவாகும், நாளைக்கு நீங்களே மறுபதிப்பு போடணும்னா வேற நம்பர் வாங்கணும்.

காப்பிரைட் விஷயத்துல நிறைய பேருக்கு தப்பான நினைப்பு இருக்கு. 1957 காப்பிரைட் சட்டப்படி நீங்க எழுதி வச்ச உடனேயே உரிமை உங்களுது, உங்க ஆயுள் முழுக்க, அதுக்கப்புறம் 60 வருஷம். பதிவு பண்ணியே ஆகணும்னு கட்டாயம் இல்ல. பண்ணி வச்சா நாளைக்கு தகராறு வந்தா ஆதாரமா காட்டலாம், அதுக்கு அரசாங்க கட்டணம் 500 ரூபாய்தான்.

அப்பறம் அந்த 100 சதவீத ராயல்டி. கேக்க நல்லா இருக்கும், எதுல 100 சதவீதம்னு கேளுங்க. புக் விலை 200 ரூபாய்னு வச்சுக்குவோம், கடைக்காரருக்கோ ஆன்லைன் சைட்டுக்கோ 40 சதவீதம் கழிவு போனா 120 மிச்சம், மறுபடி அச்சடிக்க காப்பிக்கு 90 ஆகுதுன்னா கையில நிக்கறது 30 ரூபாய், அந்த 30ல தான் 100 சதவீதம். இந்த கணக்குல 75 ஆயிரத்த திருப்பி எடுக்க எத்தனை காப்பி விக்கணும்? முதல் 500 காப்பி நீங்க கட்டுன காசுலயே அச்சாயிடுது, அதுல காப்பிக்கு 120ன்னு 60 ஆயிரம் வரும், மீதி 15 ஆயிரத்துக்கு காப்பிக்கு 30ன்னு இன்னொரு 500, ஆக மொத்தம் 1,000. தமிழ்ல பேர் தெரிஞ்ச எழுத்தாளர்களுக்கே அது பெரிய நம்பர் சார்.

அமேசான்ல லிஸ்ட் பண்றதும் அப்படித்தான். லிஸ்ட் ஆகுறது வேற, விக்கிறது வேற. உங்க பேரையோ புக் பேரையோ தெரிஞ்சு ஒருத்தர் தேடுனாத்தான் அது கண்ணுல படும். லைப்ரரி ஆர்டரை எந்த தனி கம்பெனியும் வாங்கித் தர்றேன்னு உறுதி சொல்ல முடியாது, அரசு தேர்வு பண்ணி, நிதி ஒதுக்கி, பல கட்டம் தாண்டி வர்ற விஷயம். விண்ணப்பிங்க, வந்தா சந்தோஷம், ஆனா அதை நம்பி காப்பி எண்ணிக்கைய ஏத்திடாதீங்க.

இப்ப மக சொல்றதுக்கு வர்றேன். அவங்க சொல்றது ஈபுக்குக்கு சரி. அமேசான் கேடிபியில, அதாவது எழுதுனவங்களே புக் போடற அவங்க சேவையில, தமிழ் கிண்டில் புக் போட காசு கிடையாது, ஐஎஸ்பிஎன்னும் தேவையில்ல. ஆனா ராயல்டி ரெண்டு விதம், 35 சதவீதம், 70 சதவீதம். இந்திய விற்பனைக்கு 70 வேணும்னா கேடிபி செலக்ட்ல சேரணும், சேர்ந்தா அந்த 90 நாளைக்கு ஈபுக்கை வேற எந்த சைட்லயும் போடக்கூடாது, உங்க சொந்த பிளாக்ல கூட முழுசா போடக்கூடாது. இதை கவனிக்காம பிரதிலிபி மாதிரி கதை போடற சைட்லயும் அதே தொடரை ஓட விட்டுட்டு மாட்டிக்கிறவங்க உண்டு. 70 சதவீதத்துல ஃபைல் சைஸுக்கு ஒரு எம்பிக்கு 7 ரூபாய் டெலிவரி செலவுன்னு கழிப்பாங்க, நீங்க ஸ்கூல் போட்டோ நிறைய வச்சிருப்பீங்க, அதை சுருக்காம ஏத்துனா ராயல்டி எல்லாம் அதுலயே போயிடும். கேடிபியில பேப்பர்பேக்கும் இருக்கு, ஆனா இப்ப வரைக்கும் அது நம்ம இந்திய சைட்டுக்கு வரல. உங்க பழைய மாணவர்கள் பாதி பேர் கிண்டில்ல படிக்கிறவங்களா இருக்க மாட்டாங்க, அதனால அச்சுப் புக் தேவைதான்.

அதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட். டிடிபி சென்டர்ல டைப் பண்ணியிருந்தீங்கன்னா அந்த ஃபைல்ல இருந்து ரெண்டு வரி காப்பி பண்ணி வாட்ஸப்ல பேஸ்ட் பண்ணிப் பாருங்க. தமிழா தெரிஞ்சா அது எல்லா போன்லயும் கம்ப்யூட்டர்லயும் சரியா தெரியுற யூனிகோடு, பிழைச்சீங்க. சம்பந்தமே இல்லாத இங்கிலீஷ் எழுத்தும் குறியும் வந்தா பாமினி மாதிரி பழைய எழுத்துருவுல இருக்குன்னு அர்த்தம், கிண்டிலுக்கு அது ஆகாது, மாத்தித்தான் ஆகணும். கன்வெர்ட்டர்ல போட்டா ஒரு நிமிஷத்துல மாறிடும், ஆனா அங்கங்க "கொடுத்தார்"ங்கிறது "ெகாடுத்தார்"னு கொம்பு தனியா நிக்கும், துணைக்காலுக்கு பதிலா ர உக்காந்திருக்கும், பாக்க ஒரே மாதிரி இருக்கறதால கண்ணு ஏமாந்துடும். இதையெல்லாம் வரி வரியா ஒருத்தர் பாத்தே ஆகணும்.

அந்த ஒருத்தர் நீங்களா இருக்கக் கூடாது சார். தமிழ் ஆசிரியரா இருந்தாலும் நாம எழுதுனதை நாமளே மெய்ப்பு, அதாவது பிழை திருத்தம், பாத்தா மனசுல இருக்கறதைத்தான் கண்ணு படிக்கும். எனக்கு இதுல ரொம்ப ஆதங்கம் உண்டு, எவ்வளவோ நல்ல அனுபவத்தை, வேற யாராலயும் எழுத முடியாத விஷயத்தை எழுதியிருப்பாங்க, பக்கத்துக்கு பத்து பிழையோட, ஒரே சம்பவம் மூணு கட்டுரையில திரும்ப வர்ற மாதிரி புக் வந்து நிக்கும். செலவு பண்ற காசுல முதல் பங்கு எடிட்டருக்கும் மெய்ப்பு பாக்குறவருக்கும் போகட்டும். அட்டைக்கு கூகுள்ல கிடைச்ச படத்தை எடுத்துப் போட வேண்டாம், யாரோ எடுத்த போட்டோ அது, உரிமை அவங்களுது.

உள்ள பாட்டு மேற்கோள் இருக்கான்னும் பாருங்க. பாரதி பாட்டு தாராளமா போடலாம். கண்ணதாசன் 1981ல காலமானவர், அந்த 60 வருஷ கணக்குப்படி 2041 முடியற வரைக்கும் உரிமை இருக்கு, முழுப் பாட்டு போடறதா இருந்தா அனுமதி வேணும். மாணவர்களோட வீட்டுக் கஷ்டம், அப்பா குடிச்சது, அம்மா அடி வாங்குனது இதெல்லாம் எழுதியிருந்தீங்கன்னா பேரையும் ஊரையும் மாத்திடுங்க. அந்தப் பிள்ளைங்க இன்னிக்கு பெரியவங்க, அவங்க குழந்தைங்களும் இந்த புக்கைப் படிப்பாங்க.

எத்தனை காப்பி? இதுக்கு பதில் பிரஸ்ல இல்ல, உங்க போன்ல இருக்கு. உங்ககிட்ட படிச்சவங்க வாட்ஸப் குரூப், கூட வேலை பாத்தவங்க, சங்கத்து ஆளுங்க, யார் யார் காசு குடுத்து வாங்குவாங்கன்னு பேர் பேரா எழுதுங்க. முன்பதிவு விலைன்னு ஒரு தொகை வச்சு பணத்தை முதல்லயே வாங்கிக்கோங்க, கூச்சமே வேண்டாம். உ.வே.சா. 1887ல சீவக சிந்தாமணி பதிப்பிச்சப்ப புக் வாங்கிக்கிறேன்னு முன்கூட்டியே கையொப்பம் வாங்கி பணம் சேத்துதான் அச்சு வேலைய முடிச்சார். டிஜிட்டல் பிரிண்டிங் வந்ததுல இருந்து 50, 100 காப்பி கூட போடலாம், ஒரு காப்பிக்கு ஆகுற செலவு, மொத்தமா அடிக்கிற ஆஃப்செட் அச்சை விட ஜாஸ்திதான், ஆனா 400 காப்பி பரண்ல கிடந்து கரையான் அரிக்கறத விட அது லாபம். டெமின்னு சொல்ற புக் சைஸ்ல 16 பக்கம் ஒரு ஃபாரம்னு பிரஸ்ல கணக்கு போடுவாங்க, உங்க 160 பக்கம் சரியா பத்து ஃபாரம், அதனால 163ன்னு நின்னா மூணு பக்கத்தை குறைச்சிடுங்க. எல்லாத்துக்கும் முன்னாடி ஒரே ஒரு மாதிரிப் பிரதி வாங்கி கையில வச்சுப் பாத்துட்டு அப்பறம் ஆர்டர் குடுங்க.

தபாலுக்கு 2025 மே மாசத்துல இருந்து ஞான் போஸ்ட்னு ஒரு சேவை இருக்கு, 300 கிராம் வரைக்கும் 20 ரூபாயும் வரியும், அதிகபட்சம் 5 கிலோ. புக்ல பதிப்பாளர் பேரோ அச்சகத்து பேரோ இருக்கணும், விளம்பரம் இருக்கக்கூடாது. இன்னொரு கடமையும் உண்டு, நீங்களே பதிப்பாளர்ங்கறதால 1954 சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லின்னு இன்னும் மூணு நூலகத்துக்கும் ஒவ்வொரு காப்பி 30 நாளுக்குள்ள உங்க செலவுல அனுப்பணும். பாதிப்பேர் இதை பண்றதே இல்ல. தயவுசெஞ்சு அனுப்புங்க சார், உங்க ஸ்கூலோட கதை கன்னிமாராவுல இருக்கணும்.

இதெல்லாம் அலைய முடியாது, வேற யாராவது பாத்துக்கட்டும்னு தோணுனா அந்த கம்பெனிக்கே குடுக்கலாம், தப்பில்ல, ஆனா முதல்ல ஒப்பந்தத்தை எழுத்துல கேளுங்க. அதுல உரிமை யாருக்கு, எத்தனை வருஷத்துக்கு, எந்தெந்த வடிவத்துக்குன்னு இருக்கணும். உரிமையை எழுதிக் குடுக்கும்போது காலம் குறிப்பிடலன்னா சட்டப்படி அஞ்சு வருஷம், இடம் குறிப்பிடலன்னா இந்தியா மட்டும்னு எடுத்துக்குவாங்க. "எல்லா உரிமையும், எல்லா மொழியிலும், நிரந்தரமா"ன்னு ஒரு வரி இருந்தா கையெழுத்து போடாதீங்க. லே-அவுட் முடிஞ்ச ஒரிஜினல் ஃபைலை, பிடிஎஃப் மட்டும் இல்ல, திருத்தக்கூடிய ஃபைலையும் தருவீங்களான்னு கேளுங்க, மீதி காப்பி யார்கிட்ட இருக்கும், விற்பனை கணக்கு எப்ப குடுப்பீங்கன்னும் கேளுங்க. எடிட்டிங் எத்தனை சுற்று, பாக்குறவர் யார், அவர்கிட்ட நேரா பேச முடியுமான்னும் கேளுங்க. இதுக்கெல்லாம் எழுத்துல பதில் வந்தா எனக்கு அனுப்புங்க, பாத்து சொல்றேன்.