உட்காரவும் காசா?

சென்ற இதழில் நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ஸ்டேஷனுக்குள் இருக்கும் ஆய்ஸ்டர் பார் என்ற சிப்பி உணவகம் பற்றி இரண்டு வரி எழுதினேன். இந்த வாரக் கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். ஹோட்டல் கிச்சன்களுக்கு பிளான் போட்டுக் கொடுத்தே காலம் தள்ளியவன் நான். பழைய கட்டடத்துக்குள் நுழைந்தால் மற்றவர்கள் கூரையின் அழகைப் பார்ப்பார்கள். நான் புகைக்குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று தேடுவேன். பதில்களிலும் அந்த வாடை அடிக்கும்.

ஸ்டேஷன் சாப்பாடு என்றாலே அவசரத்துக்கு விழுங்குவது. ஆய்ஸ்டர் பார் மட்டும் நூறு வருஷம் தாண்டியது எப்படி? (வாசகர், கோவை)

நடுவில் படுத்து எழுந்த கடை சார் அது. 1913-ல் ஸ்டேஷனோடு சேர்ந்தே பிறந்தது. 1970-களின் தொடக்கத்தில் நொடித்துப்போய் மூடினார்கள். 1974-ல் வேறொரு முதலாளி எடுத்துத் திறந்தார். 1997-ல் தீப்பிடித்தது. தலைக்கு மேலே வளைந்து நிற்கும், குவஸ்டவினோ என்ற கட்டடக்காரர் முறையில் ஓடு பதித்த கூரை பாழாகி, புது ஓடு பதித்துச் சரிசெய்தார்கள்.

தாக்குப்பிடித்ததற்குக் காரணம் கேட்டால், நான் கவுண்டருக்குப் பின்னால் இருக்கும் பாத்திரங்களைக் காட்டுவேன். என் மகள் கனெக்டிகட்டில் இருக்கிறாள். அங்கிருந்து நியூயார்க் வரும் ரயில் நேராக கிராண்ட் சென்ட்ரலில்தான் வந்து நிற்கும். அதனால் அந்தக் கவுண்டரில் உட்கார்ந்து சாவகாசமாக வேடிக்கை பார்க்க வாய்த்தது. வரிசையாகச் சின்னச் சின்ன உலோகப் பாத்திரங்கள். ஒவ்வொன்றுக்கும் இரட்டைச் சுவர், இரண்டுக்கும் நடுவே நீராவி. அடியில் நெருப்பே கிடையாது, அதனால் பால் அடிபிடிக்காது. ஓர் ஆர்டருக்கு ஒரு பாத்திரம். வெண்ணெய், சிப்பி, சிப்பிச் சாறு, கொஞ்சம் சில்லி சாஸ், வூஸ்டர் சாஸ், பாலும் க்ரீமும் கலந்தது, அவ்வளவுதான். கொதி வருவதற்குள் சமையல்காரர் பாத்திரத்தை அப்படியே முன்னால் சாய்த்து, ரொட்டித் துண்டு கிடக்கும் தட்டில் ஊற்றிவிடுகிறார். டீக்கடை மாஸ்டரின் கை வேகம். மேலே சிவப்பாக பாப்ரிகா மிளகாய்த் தூள் தூவல். பான் ரோஸ்ட் என்று பெயர்.

உட்கார்ந்ததும் தட்டு வந்துவிடும், முடித்துவிட்டு ரயிலைப் பிடிக்கலாம். அதே கடையின் இன்னொரு பக்கம் கட்டம் போட்ட மேஜை விரிப்போடு பெரிய ஹால். அங்கே ஒரு மதியம் முழுக்க உட்காரலாம். ஓடுகிறவனுக்கும் உட்காருகிறவனுக்கும் தனித்தனி வழி வைத்த ஸ்டேஷன் கடைதான் நிற்கும் என்பது என் கட்சி.

இன்னொரு விஷயம். அந்த ஸ்டேஷனில் போர்டில் போட்ட நேரத்துக்கு ஒரு நிமிஷம் கழித்துத்தான் ரயிலை எடுக்கிறார்கள். ஓடி வருகிறவர்கள் விழுந்து அடிபடக் கூடாது என்பதற்காக வைத்த சலுகை. கடைசி வாய் சூப்பை விட்டுவிட்டு ஓட வேண்டாம்.

நான் சுத்த சைவம். அங்கே எனக்கு என்ன கிடைக்கும்? (வாசகி, திருச்சி)

ஆய்ஸ்டர் பாரில் மூலவரே சிப்பிதான் அம்மா, விட்டுவிடுங்கள். ஸ்டேஷனுக்குள்ளேயே ஜாரோஸ் பேக்கரி இருக்கிறது. பேகல் என்ற வளைய ரொட்டியில் க்ரீம் சீஸ் தடவி வாங்கிக்கொண்டு, ஆய்ஸ்டர் பார் வாசலில் இருக்கும் வளைவு மண்டபத்துக்கு வாருங்கள். ஒரு மூலையில் நின்று சுவரைப் பார்த்து மெல்லப் பேசினால் எதிர் மூலையில் இருப்பவர் காதில் விழும். அதற்குக் காசு கிடையாது.

பாரம்பரியக் கட்டடத்தில் ஆணி அடிக்கவே விட மாட்டார்கள். அதற்குள் கிச்சன் எப்படிப் போடுகிறார்கள்? (வாசகர், மதுரை)

என் வயிற்றில் பால் வார்த்த கேள்வி.

முதல் தலைவலி புகை. சாதாரணக் கட்டடம் என்றால் பின்சுவரில் ஓட்டை போட்டுக் குழாயை வெளியே தள்ளிவிடலாம். பழைய ஸ்டேஷனில் முகப்பு, சுவர், கூரை எதையும் தொடக் கூடாது. பழைய புகைபோக்கி, கைவிட்ட லிஃப்ட் குழி என்று ஏற்கெனவே மேலே போகும் வழி ஏதாவது இருக்கிறதா என்று தேடுவோம். கிடைத்தால் கடைக்கு யோகம். கிடைக்காவிட்டால் பொரிப்பது, கருக்குவது எல்லாம் மெனுவிலிருந்து போய்விடும். எண்ணெய்ப் புகை குழாயின் உள்சுவரில் பிசினாகப் படியும். ஒரு நாள் அதில் தீப்பிடித்தால் நேரே கூரைக்கு ஏறும். ஆகவே நீராவி, இண்டக்‌ஷன் அடுப்பு, வெளியே ஒரு பெரிய கிச்சனில் முக்கால் வேலையை முடித்துக் கொண்டுவந்து இங்கே சூடு மட்டும் பண்ணுவது என்று சமாளிப்பார்கள். ஸ்டேஷன் உணவுக்கூடங்களில் சாண்ட்விச்சும் பேக்கரியும் காபியும் குவிந்து கிடப்பதற்கு ருசி மட்டும் காரணமில்லை, புகைக்குழாயும்தான்.

அடுத்தது கழிவுநீர். எண்ணெயைப் பிரிக்கும் தொட்டி வைக்க இடம் வேண்டும், அதை அள்ளிக்கொண்டு போகப் பயணிகள் கண்ணில் படாத ஒரு வழியும் வேண்டும். சரக்கு இறங்குவது பெரும்பாலும் முதல் ரயிலுக்கு முன்னால். ஸ்டால்களைச் சுவரில் மாட்டாமல் பீரோ மாதிரி தனியாக நிறுத்துவோம். நாளைக்கே தூக்கினாலும் பழைய தரையில் கீறல் இருக்கக் கூடாது.

இத்தனைக்கும் நடுவே பாரிஸ் கார் த லியோன் ஸ்டேஷனில் லு த்ரேன் ப்ளூ என்ற உணவகம் இருக்கிறது. 1901-ல் பிரெஞ்சு ஜனாதிபதி எமில் லூபே திறந்துவைத்தது. சுவரிலும் கூரையிலுமாக 41 ஓவியங்கள், அந்த ஸ்டேஷனிலிருந்து ரயில் போகிற ஊர்களும் காட்சிகளும். 1972-ல் அரசு அதை வரலாற்றுச் சின்னமாக்கியது. அதன் கிச்சனுக்குப் பொறுப்பானவர் ராத்திரி எப்படித் தூங்குகிறார் என்றுதான் எனக்கு யோசனை.

லண்டன் செயின்ட் பான்க்ராஸ் ஸ்டேஷனே பீருக்காகக் கட்டியது என்று இங்கே ஒருவர் அடித்துச் சொல்கிறார். நம்பலாமா? (யாழ்ப்பாணத்து வாசகர், லண்டன்)

முக்கால்வாசி நம்பலாம். கட்டியது ரயிலுக்காகத்தான். ஆனால் தண்டவாளம் ரீஜன்ட்ஸ் கால்வாயைத் தாண்டி வர வேண்டியிருந்ததால் பிளாட்பாரங்களைத் தெருவைவிட உயரத்தில் வைத்தார்கள். கீழே பெரிய நிலவறை மிஞ்சியது. பர்ட்டன் ஊரிலிருந்து ரயிலில் வரும் பீர்ப் பீப்பாய்களை அதில் அடுக்க முடிவானது. பொறியாளர் வில்லியம் பார்லோ இரும்புத் தூண்களுக்கு நடுவே விட்ட இடைவெளி, பீப்பாய் அடுக்கத் தோதான கணக்கு. 1868-ல் ஸ்டேஷன் திறந்தது. 2007-ல் பாரிஸ் பக்கம் போகும் யூரோஸ்டார் ரயில்களுக்காகப் புதுப்பித்தபோது அந்த நிலவறைதான் கடைவீதியும் பயணிகள் கூடமும் ஆனது. பீப்பாய்க்கு விட்ட இடைவெளியில் இப்போது காபிக் கடைகள் கச்சிதமாக உட்கார்ந்திருக்கின்றன. மேலே பிளாட்பாரத்தை ஒட்டி ஷாம்பெயின் பார், மேஜையில் பட்டனை அமுக்கினால் ஊற்ற ஆள் வருவார். பழைய டிக்கெட் கொடுக்கும் அறையும் பாராகிவிட்டது. 1960-களில் இதை இடிக்கப் பார்த்தார்கள். கவிஞர் ஜான் பெட்ஜமன் போன்றவர்கள் மல்லுக்கு நின்றதால் தப்பியது.

நோமா புகழ் சமையல் நிபுணர் கிராண்ட் சென்ட்ரலில் உணவுக்கூடம் திறந்தாரே, ஏன் மூடினார்? பெயர் இருந்தும் ஓடவில்லையா? (வாசகர், சேலம்)

டென்மார்க்கில் பேர்போன நோமா உணவகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிளாஸ் மெயர். 2016-ல் வாண்டர்பில்ட் ஹாலில் கிரேட் நார்தர்ன் ஃபுட் ஹால் என்று டென்மார்க் ரொட்டி, திறந்த சாண்ட்விச், கஞ்சி வகைகளோடு ஆரம்பித்தார். 2020-ல் கொரோனா வந்தது. ஆபீஸ் ரயில் காலியானால் ஸ்டேஷன் கடைக்கு வாடிக்கையாளர் ஏது? மூடிவிட்டார்கள். அப்புறம் அதே இடத்தில் 2022-ல் சிட்டி வைனரி என்ற ஒயின் உணவகம், 2024-ல் கிராண்ட் பிராசரி என்ற பிரெஞ்சு உணவகம். பெயர் குற்றமில்லை, அந்தக் காலம் அப்படி.

எனக்கு உறுத்துவது வேறு. வாண்டர்பில்ட் ஹால் முதலில் அந்த ஸ்டேஷனின் வெயிட்டிங் ரூம். நீள நீள மரப் பெஞ்சுகள் கிடந்த இடம். யார் வேண்டுமானாலும் உட்காரலாம், மூட்டையோடு, குழந்தையோடு. இன்று அங்கே உட்கார வேண்டுமென்றால் எதையாவது ஆர்டர் பண்ண வேண்டும். நட்சத்திரங்கள் வரைந்த கூரை உள்ள பிரதான மண்டபத்தில் பெஞ்சே கிடையாது. வாடகை வந்தால்தான் பழைய கட்டடத்தைப் பராமரிக்க முடியும் என்பார்கள், நியாயம்தான். நானும் அந்த வாடகையில் பிழைத்த தொழில்காரன்தான். ஆனாலும் முழங்கால் வலிக்காரர் ஒருவர் பத்து நிமிஷம் உட்கார காபி விலை கொடுக்க வேண்டும் என்றால் அது ஸ்டேஷனா, மாலா?

தஞ்சோங் பகார் பழைய ஸ்டேஷனைப் பெரிய உணவுக்கூடம் ஆக்கினால் ஓடுமா? (வாசகி, சிங்கப்பூர்)

1932-ல் திறந்து 2011 ஜூன் 30 அன்று கடைசி ரயிலை அனுப்பிய ஸ்டேஷன். ரயில் இல்லாத ஸ்டேஷன் வெறும் அழகான மண்டபம்தான்; கூட்டத்தை நீங்களே கூட்டி வர வேண்டும். பாரிஸில் ஆர்சே ஸ்டேஷனை 1986-ல் மியூசியம் ஆக்கினார்கள். அங்கிருந்த ஹோட்டலின் பழைய சாப்பாட்டு அறை இன்று மியூசியத்தின் உணவகம். கூட்டத்தைக் கொண்டுவருவது ஓவியங்கள். உங்களுக்கு அந்த வேலையை அதே இடத்து கேண்டோன்மென்ட் எம்.ஆர்.டி. (மெட்ரோ ரயில்) நிலையம் செய்யும். காலையில் வேலைக்குப் போகிறவர்களை நம்பி காபி, ரொட்டி என்று சின்னதாகத் தொடங்கினால் பிழைக்கும்.

எழும்பூரிலும் இப்படி ஒன்று வந்தால் நன்றாக இருக்குமே? (வாசகர், சென்னை)

1908-ல் எழுந்த கட்டடம், வேண்டிய அழகு இருக்கிறது. மறுசீரமைப்புக்கு 2022-ல் அடிக்கல்லும் நாட்டிவிட்டார்கள். வரட்டும், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எழும்பூருக்கு வருகிறவர் பத்து நிமிஷ ஆபீஸ் பயணி இல்லை. ராத்திரி வண்டிக்குச் சாயங்காலமே வந்து, கட்டுச்சோற்றுப் பையைத் தலைக்கு வைத்து, பேரனை மடியில் போட்டுக் காத்திருப்பவர். அவருடைய தரையைப் பிடுங்கிக் கடை போடக் கூடாது. லு த்ரேன் ப்ளூ இருப்பது மாடியில், படியேறித்தான் போக வேண்டும். கீழ்த்தளம் பயணிக்கு. இங்கேயும் ரெஸ்டாரன்ட்டை மாடிக்கு ஏற்றலாம். பார்சல் இட்லிக்கு யார் சார் மாடியேறுவார் என்று கேட்காதீர்கள். அதற்கு பிளாட்பாரப் பக்கம் ஒரு ஜன்னல் போதும்.